கடல் வெறுங்காணி அல்ல

மலைநாட்டில் வாழும் நாம் கடலைக் காண்பது பெரும்பாலும் கருவாட்டுக் கடையில்தான். மடவளையில் நின்று எந்தத் திசையில் புறப்பட்டாலும் கரையை அடையப் பல மணி நேரம் பஸ்ஸில் இருக்க வேண்டும். ஆயினும் சந்தைக்குப் போனால் நெத்தலி உண்டு, சுறாக் கருவாடு உண்டு, மாசி உண்டு. ஆனால் இன்று எமது இளைஞர்கள் உயிரைப் பணயம் வைத்துச் சுழியோடி எடுக்கும் ஒரு பொருள் மட்டும் இந்தக் கடைகள் எதிலும் இல்லை. அதுதான் கடலட்டை. அதை நாம் உண்பதில்லை. அவித்து, மணலில் புதைத்து, சுரண்டி, மீண்டும் அவித்து, காயவைத்த பின்னர் அது ஹொங்கொங்குக்கும் சிங்கப்பூருக்கும் சீனாவுக்கும் கப்பலேறுகின்றது. எடுப்பவன் உண்ணாத, எடுப்பவனின் ஊரில் விலையே தெரியாத ஒரு பொருளின் தொழில் இது.

இதை நாம் ஏன் இந்தப் பக்கங்களில் எழுதுகின்றோம்? காணி இழந்த குடும்பங்களிடம் இன்று அடிக்கடி சொல்லப்படும் ஆலோசனை ஒன்றிருக்கின்றது. "வயல் வருமட்டும் ஏன் காத்திருக்கிறீர்கள்? கடலுக்குப் போகலாமே. கடலுக்கு உறுதி வேண்டாம், வரம்பு வேண்டாம், உரம் வேண்டாம். இறங்கினால் காசு" என்பதே அது. இந்த ஆலோசனையில் ஓரளவு உண்மை உண்டு. பட்டினியோடு இருப்பவனுக்கு நாளாந்தக் கூலி பெரிய விடயம். ஆனால் அதில் மறைந்திருக்கும் பொய்யையும் நாம் சேர்ந்து பார்க்க வேண்டும்.

விதைநெல்லைத் தின்றவர்கள்

கடலட்டைக்கு ஓர் உறவுக்காரன் உண்டு. உடல் முழுவதும் முள் நிறைந்த உருண்டை வடிவான கடல் முள்ளெலி. எமது கடலில் பாறைகளுக்கிடையே கறுப்பு நிறத்தில் நீண்ட முள்ளோடு கிடக்கும் இனத்தைச் சுழியோடிகள் நன்கு அறிவார்கள். அதன் முள் காலில் ஏறினால் நாட்கணக்கில் வலிக்கும். இங்கு அதைத் தேடி எவரும் இறங்குவதில்லை. ஆனால் ஜப்பானிலும் சிலி நாட்டிலும் மத்தியதரைக் கடலோரத்திலும் அதன் ஓட்டுக்குள் ஐந்து இதழாக இருக்கும் மஞ்சள் நிறச் சினைப்பகுதி விலையுயர்ந்த உணவு.

அமெரிக்காவின் வடகிழக்குக் கரையில் மேய்ன் என்னும் மாநிலம் இருக்கின்றது. அங்குள்ள சிங்கி இறால் பிடிப்பவர்கள் கடல் முள்ளெலியை நீண்ட காலம் தொல்லையாகவே கருதினர். 1980களின் இறுதியில் ஜப்பானிய வியாபாரிகள் விலை கொடுக்கத் தொடங்கியதும் நிலைமை மாறியது. வேலை தேடி அலைந்தவர்களெல்லாம் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு குளிர்ந்த கடலுக்குள் இறங்கினர். போதிய பயிற்சி இல்லாமல் இறங்கிய சிலர் உயிரோடு திரும்பவில்லை. 1993 ஆம் ஆண்டில் மட்டும் ஒரு கோடியே 75 இலட்சம் கிலோவுக்கு மேல் எடுக்கப்பட்டது. அதன் பின்னரே புதிய அனுமதிப்பத்திரங்கள் நிறுத்தப்பட்டன. இருபது ஆண்டுகள் கழித்து, 2013 இல், கிடைத்த அளவு அதில் பத்தில் ஒரு பங்குக்கும் வெகு கீழே சென்றிருந்தது. முள்ளெலி இல்லாத பாறைகளில் கடற்பாசி காடாக வளர்ந்தது. அக்காட்டில் நண்டுகள் பெருகின. மீண்டும் தலைகாட்டிய இளம் முள்ளெலிகளை நண்டுகள் தின்றன. ஒரு போகத்தின் பேராசை பல போகங்களை விழுங்கிவிட்டது.

இது ஏன் நடக்கின்றது என்பதை விவசாயிக்கு விளக்குவது கடினமல்ல. கடல் முள்ளெலியும் கடலட்டையும் சோடி சேர்ந்து குஞ்சு பொரிப்பவை அல்ல. ஆணும் பெண்ணும் தத்தம் வித்தை நீரிலே விடுகின்றன. இரண்டும் அருகருகே இருந்தால்தான் அந்த வித்துக்கள் நீருக்குள் சந்தித்துக் கருவாகும். அங்கொன்றும் இங்கொன்றுமாக எஞ்சினால், அவை உயிரோடிருந்தும் சந்ததி இல்லை. ஆகவே "இன்னும் கொஞ்சம் கிடக்கிறதே, எடுப்போம்" என்று எடுக்கும் கடைசிக் கூடைதான் விதைநெல். விதைநெல்லைக் குற்றிச் சோறாக்கிய வீட்டுக்கு அடுத்த போகம் எங்கிருந்து வரும்?

எமது நாட்டிலும் இது நடந்துவிட்டது. ஒரு காலத்தில் தென் கரையோரத்திலும் கடலட்டைத் தொழில் இருந்தது. அது முற்றாக அழிந்து, இன்று வடமேற்கு, வடக்கு, கிழக்குக் கரைகளில்தான் தொழில் நடக்கின்றது. அங்கும் விலைகூடிய வெள்ளை அட்டை அருகிவர, முன்னர் ஒதுக்கித் தள்ளிய மலிவான இனங்களைத் தேடி மேலும் தூரமாகவும் மேலும் ஆழமாகவும் போகின்றனர். பாக்கு நீரிணைக்கு அப்பால் இந்தியா 1982 இல் சிறிய அட்டைகளைப் பிடிப்பதைத் தடுத்தது. அது போதாமல் 2001 இல் எல்லா இனங்களையும் முற்றாகத் தடை செய்தது. அந்தத் தடையால் இராமநாதபுரத்துச் சுழியோடிகளின் அடுப்பு அணைந்தது. அட்டை எடுப்பதோ கள்ளத்தனமாகத் தொடர்ந்தது. காலத்தோடு அளவாக எடுக்காதவர்களுக்குப் பின்னர் கிடைப்பது ஒன்றில் வெறுங்கடல், அல்லது பொலிஸ் வழக்கு.

உடல் செலுத்தும் வட்டி

ஆழத்துக்குப் போவதென்பது உடலோடு சம்பந்தப்பட்ட காரியம். நீருக்குள் பத்து மீற்றர் இறங்கினால் உடல்மேல் இருக்கும் அழுத்தம் கரையில் உள்ளதைப் போல் இரண்டு மடங்காகும். முப்பது மீற்றரில் நான்கு மடங்கு. முதுகில் கட்டுவதை நாம் எல்லோரும் ஒட்சிசன் சிலிண்டர் என்கின்றோம். உண்மையில் அதற்குள் இருப்பது அமுக்கி நிரப்பிய சாதாரண காற்று. அதில் ஐந்தில் நான்கு பங்கு நைதரசன். அழுத்தத்தில் அது இரத்தத்திலும் தசையிலும் கரைந்து சேர்கின்றது. மெதுவாக, இடையிடையே நின்று மேலே வந்தால் மூச்சோடு வெளியேறும். அவசரமாக மேலே வந்தால், மூடி திறந்த சோடாப் போத்தலில் நுரை எழும்புவதுபோல் உடலுக்குள்ளேயே குமிழிகள் எழும்பும். மூட்டு வலிக்கும். கால் மரக்கும். சிறுநீர் அடைபடும். கடுமையானால் இடுப்புக்குக் கீழே இயக்கம் நின்றுவிடும்.

வயலிலே வேலை செய்தவனுக்கு இது தெரிய நியாயமில்லை. மீனவக் குடும்பத்தில் பிறந்தவன் சிறு வயதிலிருந்து நீரோட்டத்தையும் காற்றையும் கற்கின்றான். இருபது வயதுவரை மண்வெட்டி பிடித்தவனை இரண்டு நாள் பழக்கிச் சிலிண்டரோடு இறக்குவது தொழிற்பயிற்சி அல்ல. நாளொன்றுக்கு எத்தனை தடவை, எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம் என்ற கணக்கை யார் வைப்பது? "இன்னொரு சிலிண்டர் போட்டால் இன்னும் நூறு அட்டை" என்று மேலேயிருந்து சொல்பவனா?

ஆகவே போகத்தான் வேண்டும் என்பவர்களுக்குச் சில எளிய விதிகளை இங்கே சொல்லி வைக்கின்றோம். நிமிடத்துக்கு ஒன்பது மீற்றரை விட வேகமாக மேலே வர வேண்டாம். ஐந்து மீற்றர் ஆழத்தில் சில நிமிடம் நில்லுங்கள். மேலே வரும்போது மூச்சை அடக்க வேண்டாம். தனியே இறங்க வேண்டாம். மேலே வந்தபின் மரமரப்போ மூட்டு வலியோ தோன்றினால், "மறுபடி இறங்கினால் சரியாகும்" என்று சொல்வதைக் கேட்க வேண்டாம். படுக்க வைத்து, ஒட்சிசன் கொடுத்து, வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். சுழியோடியவர் என்று வைத்தியரிடம் முதலிலேயே சொல்லுங்கள். இந்நோய்க்குரிய அழுத்த அறை உள்ள இடங்கள் எமது நாட்டில் மிகச் சில. அதனால் தாமதிக்கும் ஒவ்வொரு மணித்தியாலமும் ஒரு காலின் விலையாகலாம்.

மூன்றில் ஒரு பங்கு

பணத்தின் கணக்கையும் பார்ப்போம். எமது நாட்டின் மிகப் பெரிய சுழியோடும் தொழில் மன்னார்க் குடாவின் முத்துக்குளிப்பு. 1905 ஆம் ஆண்டில் மறிச்சுக்கட்டியில் நடந்த குளிப்பில் எட்டுக் கோடிச் சிப்பிகள் எடுக்கப்பட்டன. கல்லைக் காலில் கட்டி, மூச்சடக்கி இறங்கியவனுக்குக் கிடைத்தது மூன்றில் ஒரு பங்கு. மீதி இரு பங்கையும் அரசாங்கம் ஏலம் விட்டது. அடுத்த ஆண்டு, 1906 இல், முத்துப் படுகைகள் ஒரு கம்பனிக்கு இருபது வருடக் குத்தகைக்குக் கொடுக்கப்பட்டன. 1907 க்குப் பின்னர் சிப்பி பொய்த்தது. சில ஆண்டுகளில் கம்பனியும் மூடப்பட்டது. முத்துப் படுகைகள் இயற்கையாகவே இடையிடையே பொய்ப்பதுண்டு. 1891 க்கும் 1903 க்கும் இடையிலும் குளிப்பு நடக்கவில்லை. இவ்விடத்தில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. கடலும் வானம் பார்த்த பூமிதான். நல்ல ஆண்டின் வரவை வைத்து வாழ்நாள் கணக்குப் போட முடியாது.

நூறு வருடத்துக்கு மேலாகியும் பங்குக் கணக்கு பெரிதாக மாறவில்லை. படகும் இயந்திரமும் சிலிண்டரும் முதலாளியுடையவை. எண்ணெய்ச் செலவு முதலில் கழிக்கப்படும். வீட்டுக்குக் கொடுத்த முற்பணம் அடுத்துக் கழிக்கப்படும். எஞ்சியதில்தான் பங்கு. முற்பணம் தீரும்வரை வேறு படகுக்குப் போக முடியாது. காய்ந்த அட்டையின் நிறை, உயிரோடிருந்த நிறையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆகவே எந்த நிலையில் நிறுக்கின்றனர், யாருடைய தராசில் நிறுக்கின்றனர் என்பதில்தான் இலாபம் இருக்கின்றது. அறுவடைக்கு முன்னரே நெல்லை வாங்கிக் கொள்ளும் கடன்காரனை நாம் அறியாதவர்களா? வயலில் பார்த்த அதே முகத்தைத்தான் வாடியிலும் பார்க்கின்றோம்.

யாருடைய கடல்?

இனி மிக முக்கியமான விடயத்துக்கு வருவோம். "கடல் யாருக்கும் சொந்தமில்லை" என்கின்றார்கள். இந்தப் பேச்சைக் கண்டிச் சீமையில் வாழும் எவரும் இலகுவாக நம்பக்கூடாது. 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் என்ன சொல்லிற்று? பயிரிடப்படாத காணியும் காடும், உரிமையை நிரூபிக்க முடியாவிட்டால் முடிக்குரியது என்றது. கிராமத்தவன் சேனை செய்த மேடும், மாடு மேய்த்த தரையும், விறகு பொறுக்கிய காடும் ஒரே நாளில் "வெறுங்காணி" ஆயின. பின்னர் அவை கோப்பித் தோட்டமாயின, தேயிலைத் தோட்டமாயின. அத்தோட்டங்களில் உழைக்கக் கொண்டுவரப்பட்டவர்களுக்கும் அக்காணியில் ஒரு சாண் சொந்தமாகவில்லை. அவர்களின் பிள்ளைகளில் பலர் 1977 இலும் 1983 இலும் வன்செயலுக்குத் தப்பி வன்னிக்குப் போய்க் காடு வெட்டிக் கமம் செய்தனர். யுத்தம் அங்கிருந்தும் அவர்களைத் துரத்தியது. மடவளைக்குச் சிறிது தூரத்தில், 1985 இல் விக்டோரியா நீர்த்தேக்கம் திறக்கப்பட்டபோது, பழைய தெல்தெனிய நகரும் அதைச் சூழ்ந்த வயல்களும் நீருக்குள் போயின. அங்கிருந்தவர்கள் மகாவலிக் குடியேற்றங்களுக்கு அனுப்பப்பட்டனர். "அங்கே வெறுங்காணி இருக்கின்றது" என்றுதான் அவர்களுக்கும் சொல்லப்பட்டது.

கடலின் ஒவ்வொரு ஆழமற்ற திட்டுக்கும் ஒரு கிராமம் இருக்கின்றது. அங்கே கரைவலை இழுப்பவர், சிறகுவலை கட்டுபவர், நண்டு பிடிப்பவர், கையால் மட்டி பொறுக்கும் பெண்கள் இருக்கின்றனர். அவர்களிடம் உறுதி இல்லை. எமது முன்னோரிடமும் உறுதி இருக்கவில்லை. 2018 இல் வடமராட்சி கிழக்கில், வெளிமாவட்டங்களிலிருந்து வந்து அட்டை பிடிப்பவர்களுக்கு எதிராக உள்ளூர்க் கடற்றொழிலாளர் போராட்டம் நடத்தினர். வந்தவர்களில் கூலிக்கு இறங்கிய ஏழைகளும் இருந்தனர். எதிர்த்தவர்களோ யுத்தத்தாலும் 2004 ஆம் ஆண்டுக் கடல்கோளாலும் எல்லாம் இழந்தவர்கள். ஏழைக்கு ஏழை எதிரியாய் நின்ற அந்தக் கரையில் முதலாளி நிற்கவில்லை. இடம்பெயர்ந்த நாம், அறியாமலே இன்னொரு குடும்பத்தை இடம்பெயர்க்கும் கருவியாகிவிடக் கூடாது.

இப்போது பண்ணைகள் வருகின்றன. 2022 ஜூன் மாதத்தில் யாழ்ப்பாணம், கிளிநொச்சி, மன்னார், மட்டக்களப்பு மாவட்டங்களில் 5,000 ஏக்கர் அளவில் கடலட்டைச் செய்கைக்கு அமைச்சரவை அனுமதி வழங்கிற்று. அட்டை வளர்ப்பு தன்னளவில் தீயதல்ல. குஞ்சு பொரிக்க வைத்து வளர்ப்பது, இருப்பதை அள்ளுவதை விட நல்லது. ஆழத்தில் இறங்கி உயிரை விடவும் தேவையில்லை. ஆனால் வலை அடித்து அடைக்கப்படும் திட்டு எவருடைய தொழில் இடம்? கிளிநொச்சி மாவட்டத்தின் கிராஞ்சியில் சிறு கடற்றொழிலாளர்கள் 2022 இல் தொடர் போராட்டம் தொடங்கியது இந்தக் கேள்வியோடுதான். பண்ணையில் காவல் வேலை கிடைக்குமென்று போகும் எமது பிள்ளை, எந்தக் கதியாலுக்குக் காவல் நிற்கின்றான் என்பதை அறிந்து நிற்க வேண்டும்.

வயலைக் கேட்பதை விடலாமா?

முத்துப் படுகைகளுக்கு நேர் கரையிலேயே முசலிப் பிரதேசம் இருக்கின்றது. அங்குள்ள மக்களுக்குக் கடலும் உண்டு, குளமும் உண்டு, வயலும் உண்டு. மறிச்சுக்கட்டி உட்பட அப்பகுதியின் முஸ்லிம் குடும்பங்கள் 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்டன. அவர்கள் திரும்பி வந்தபோது, தமது காணிகளில் ஒரு பகுதி 2012 இலும் 2017 இலும் வெளியான வர்த்தமானிகளால் வன எல்லைக்குள் போயிருந்ததாக முறையிட்டனர். முள்ளிக்குளம் கிராமத்து மக்கள் 2007 செப்ரெம்பரில் இராணுவ நடவடிக்கையின்போது வெளியேற்றப்பட்டனர். அங்கே கடற்படையின் வடமேற்குக் கட்டளைத் தலைமையகம் அமைந்தது. மக்கள் தம் ஊருக்கு வெளியே, மலங்காட்டில் கொட்டில்களில் இருந்தனர். அவர்கள் விடாமல் கேட்டதன் பின்னரே 2017 ஏப்ரலில் 100 ஏக்கர் விடுவிப்பதாக அறிவிக்கப்பட்டது.

இந்த வரலாறு எமக்குச் சொல்வது என்ன? வயலுக்கும் குளத்துக்கும் போகும் பாதை மூடப்பட்டவன்தான் கடலுக்குப் போகின்றான். அவன் போவதைக் காட்டி, "இவர்களுக்குத் தொழில் கிடைத்துவிட்டது, இனிக் காணி எதற்கு?" என்று கோவையை மூடி வைப்பது மிக இலகு. வாழ்வாதார உதவியாகப் படகு கொடுப்பவர்களும், சுழியோடும் கருவி கொடுப்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். எமது போன்ற நிறுவனங்களும் கவனிக்க வேண்டும். கொடுக்கும் உதவி காணிக்குப் பதிலாக எழுதப்படும் பற்றுச்சீட்டாக மாறக்கூடாது.

கடலில் நியாயமாகத் தொழில் செய்ய முடியாதா என்று கேட்டால், முடியும். தென்கொரியாவின் ஜெஜு தீவில் பெண்கள் தலைமுறை தலைமுறையாகச் சுழியோடுகின்றனர். கடல் முள்ளெலி, சங்கு, சிப்பி, கடற்பாசி எல்லாம் எடுக்கின்றனர். அவர்கள் சிலிண்டர் கட்டுவதில்லை. ஒரு மூச்சு, ஏறக்குறைய ஒரு நிமிடம், பத்து மீற்றர் அளவு ஆழம், அவ்வளவுதான். மூச்சு முடிந்தால் மேலே வரத்தான் வேண்டும் என்பதால் கடலையும் அவர்களால் வழித்தெடுக்க முடியாது. எந்த மாதம் எதை எடுப்பது என்பதைக் கிராமச் சங்கம் தீர்மானிக்கின்றது. அனுபவத்தில் மூத்த பெண்கள் இளையவர்களைப் பழக்குகின்றனர். 2016 இல் யுனெஸ்கோ அவர்களின் வாழ்முறையை மனித குலத்தின் மரபுச் செல்வங்களில் ஒன்றாகச் சேர்த்தது. எங்களுக்கு அதில் பிடித்தது விருது அல்ல. கடலுக்கு ஒரு வட்டவிதானை வைத்ததுபோல் ஒரு முறையை அவர்களே வைத்திருப்பதுதான். குளத்தடியில் தண்ணீர் திறக்கும் நாளைக் கூடிப் பேசித் தீர்மானித்த மக்களுக்கு இது புதிய பாடமா?

ஆகவே எமது கருத்து இதுதான். கடலுக்குப் போகவேண்டிய நிலையில் உள்ள குடும்பம், போவதற்கு முன் ஐந்து கேள்விகளுக்கு விடை கேட்கட்டும். அது எந்த ஊரின் கடல், அந்த ஊர்ச் சங்கம் சம்மதித்ததா? கடற்றொழில் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரம் யாருடைய பெயரில் இருக்கின்றது? பழக்குபவர் யார், விபத்து நடந்தால் வைத்தியத்தையும் குடும்பத்தையும் பார்ப்பது யார்? நிறுப்பது யாருடைய தராசில், முற்பணக் கணக்கின் பிரதி எமது கையில் உண்டா? எடுக்காமல் விடும் காலமும் இடமும் ஏதேனும் உண்டா? இவற்றுக்கு ஒழுங்கான விடை இல்லாத படகில் பிள்ளையை ஏற்ற வேண்டாம்.

அதோடு, கடலுக்குப் போனாலும் காணிக் கோவையை மூட விடவேண்டாம். பழைய உறுதி, அனுமதிப்பத்திரம், வாக்காளர் இடாப்பு, பங்குப் பதிவேடு, பள்ளிவாசல் பதிவு, குளத்துக் கமக்காரர் பட்டியல் எதுவாயினும் பிரதி எடுத்துப் பாதுகாத்து வையுங்கள். பிரதேச செயலகத்துக்குக் கொடுக்கும் ஒவ்வொரு கடிதத்துக்கும் திகதியிட்ட பற்று வாங்குங்கள். வயல் தூர்ந்து கிடக்கலாம், வரம்பு அழிந்திருக்கலாம். கேட்கும் வாய் ஓய்ந்தால்தான் அது வெறுங்காணியாகும்.